லினக்ஸில் ஒலிப்பதிவு: லேப்டாப்புக்கு முன் சவுண்ட் கார்டை முடிவு செய்யுங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். குரலும் கிதாரும் பதிவு செய்ய வேண்டும். கீபோர்டை இணைத்து மென்பொருள் வாத்தியங்களை நேரடியாக வாசிக்க வேண்டும். எல்லாமே லினக்ஸில். இதற்காக ஒரு லேப்டாப்பும் சவுண்ட் கார்டும் புதிதாக வாங்கப் போகிறீர்கள். பணத்தில் பெரும்பகுதியை ப்ராசஸரில் போடலாமா, கேமிங் லேப்டாப் சரிவருமா, பெட்டியில் விண்டோஸ், மேக் என்று மட்டும் போட்டிருக்கும் சவுண்ட் கார்டு லினக்ஸில் ஓடுமா என்பவை உங்கள் சந்தேகங்கள்.

சவுண்ட் கார்டை முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு அதோடு ஒத்துப்போகும் லேப்டாப்பைத் தேடுங்கள். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். நல்ல ப்ராசஸர் என்று எல்லாப் பணத்தையும் லேப்டாப்பில் கொட்டிவிட்டு, மிச்சத்தில் கிடைத்த கார்டை வாங்கி வந்து, அப்புறம் மாதக்கணக்கில் 'டிக் டிக்' சத்தத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். லேப்டாப்பை நான்கைந்து ஆண்டுகளில் மாற்றிவிடுவோம். நல்ல கார்டு பத்து ஆண்டுகள்கூடக் கூடவே வரும்.

ஆடியோ வேலையில் கணினி என்ன செய்கிறது என்று ஒரு நிமிடம் பார்ப்போம். 48 கிலோஹெர்ட்ஸில் (வினாடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலி அளவீடு), 128 சாம்பிள் பஃபரில் (ஒரு முறைக்கு எடுத்துக் கையாளும் ஒலித்துண்டு) வேலை செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 128-ஐ 48,000-ஆல் வகுத்தால் சுமார் 2.67 மில்லி வினாடி. அந்த அவகாசத்துக்குள் கார்டிலிருந்து வந்த ஒலியை வாங்கி, ஒலியை மாற்றும் துணைச் செயலிகளான ப்ளக்இன்கள் எல்லாவற்றையும் ஓட்டி, முடிவைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இது வினாடிக்கு 375 முறை நடக்கிறது. ஒரு மணி நேரப் பதிவென்றால் பதின்மூன்றரை லட்சம் முறை. அதில் ஒரே ஒரு முறை பிந்தினாலும் காதில் 'டிக்' என்று விழும். இதைத்தான் லினக்ஸ் ஆடியோக்காரர்கள் எக்ஸ்ரன் என்பார்கள். பத்து ஆள் வேலையைத் தனியாக முடிக்கிற ஒருவர், வாரம் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனால் அவரை நம்பி வேலையை ஒப்படைக்க முடியுமா? ப்ராசஸரின் சராசரி வேகத்தைச் சொல்லும் பெஞ்ச்மார்க் எண்கள் இந்தக் காணாமல் போகும் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. நாம் பார்க்க வேண்டியது அந்த நேரத்தைத்தான்.

சரி, கார்டுக்கு வருகிறேன். லேப்டாப்புக்கு வெளியே யுஎஸ்பியில் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸைத்தான் இங்கே சவுண்ட் கார்டு என்கிறேன். இதில் தேட வேண்டிய சொல் 'கிளாஸ் கம்ப்ளையன்ட்'. யுஎஸ்பி கீபோர்டையும் மவுஸையும் எந்த டிரைவரும் நிறுவாமல் செருகியவுடன் பயன்படுத்துகிறோம் அல்லவா, ஆடியோவுக்கும் அப்படி ஒரு பொதுத் தரம் இருக்கிறது. தன்னிடம் எத்தனை சேனல், என்னென்ன சாம்பிள் ரேட் இருக்கிறது என்பதைக் கருவியே கணினியிடம் சொல்லிவிடும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ஒலியைக் கவனிக்கும் ஆல்சாவின் ஒரே யுஎஸ்பி ஆடியோ டிரைவர், இந்தத் தரத்தைப் பின்பற்றும் எல்லாக் கார்டுகளையும் கவனித்துக்கொள்ளும். பெட்டியில் லினக்ஸ் என்ற பெயரையே காணோம் என்று கவலைப்பட வேண்டாம். ஐபேடில் வேலை செய்யும் என்றோ, மேக்கில் டிரைவர் தேவையில்லை என்றோ போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் பெரும்பாலும் அது கிளாஸ் கம்ப்ளையன்ட் கார்டுதான், லினக்ஸிலும் பாடும்.

ஆனால் ஒலி போய் வருவது பாதிக் கதை. கட்டுப்பாடு மீதிப் பாதி. சில கார்டுகளில் கெயின் (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவு), 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (கண்டென்சர் மைக்குக்குக் கார்டே தரும் மின்சாரம்), எந்த இன்புட் எந்த அவுட்புட்டுக்குப் போக வேண்டும் என்ற ரூட்டிங் எல்லாவற்றையும் நிறுவனத்தின் மென்பொருள் வழியாகத்தான் மாற்ற முடியும். அந்த மென்பொருள் லினக்ஸுக்கு வராது. ஒலி அருமையாக வரும், ஆனால் ஹெட்ஃபோனில் எந்தச் சேனல் கேட்க வேண்டும் என்பதை மாற்ற முடியாமல் உட்கார்ந்திருப்பீர்கள். அதனால் கார்டைத் தேர்வு செய்யும்போது நான் முதலில் பார்ப்பது அதன் முகப்பைத்தான். கெயினுக்குத் திருகு இருக்கிறதா? ஃபேன்டம் பவருக்குப் பொத்தான் இருக்கிறதா? மைக்கின் ஒலியை நேராக ஹெட்ஃபோனில் கேட்க வைக்கும் டைரக்ட் மானிட்டரிங்கை அங்கேயே போட்டு அணைக்க முடிகிறதா? இருந்தால் பாதி நிம்மதி.

அப்படிப்பட்ட கார்டுகளில் மோட்டுவின் எம்2, எம்4 இரண்டும் நல்ல உதாரணம். முக்கியமானவை எல்லாம் கைக்கெட்டும் திருகிலும் பொத்தானிலும் இருக்கின்றன. முகப்பில் உள்ள சின்னத் திரையில் லெவலும் தெரிகிறது. பெரிங்கரின் யுஎம்சி202எச்டி, யுஎம்சி404எச்டி இரண்டும் இதே வகைதான். ஆனால் அதே குடும்பத்துத் தம்பியான யுஎம்சி22 16 பிட்டில் நின்றுவிடும், பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். ஆர்எம்இயின் பேபிஃபேஸ் ப்ரோ போன்ற உயர்ரகக் கார்டுகளில் கிளாஸ் கம்ப்ளையன்ட் மோடு தனியாக இருக்கும். அதற்கு மாற்றிக்கொண்டால் லினக்ஸில் ஓடும்.

ஃபோகஸ்ரைட்டின் ஸ்கார்லெட் வரிசையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் பல மாடல்களின் கட்டுப்பாடுகள் மென்பொருளுக்குள்தான் இருக்கின்றன. ஆனாலும் லினக்ஸில் இன்று மிகச் சிறப்பாக ஆதரிக்கப்படும் வரிசைகளில் அது ஒன்று. காரணம் ஜெஃப்ரி பென்னட் என்ற நிரலாளர். அந்தக் கட்டுப்பாடுகளைக் கெர்னலுக்குள்ளேயே டிரைவராக எழுதிச் சேர்த்தார். அவற்றை மவுஸால் இயக்க ஆல்சா ஸ்கார்லெட் குய் என்ற செயலியையும் எழுதினார். கெர்னல் 6.8 முதல் நான்காம் தலைமுறையின் சிறிய கார்டுகளுக்கும் ஆதரவு இருக்கிறது. இப்படிப்பட்ட ஒருவரின் உழைப்பால்தான் நம்மில் ஆயிரக்கணக்கானோர் நிம்மதியாக ஒலிப்பதிவு செய்கிறோம், அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஒரு சின்ன விஷயம்: மூன்றாம் தலைமுறை ஸ்கார்லெட்டைப் புதிதாகச் செருகினால் அது பென்டிரைவ் மாதிரி ஒரு வட்டையும் காட்டும். அந்த நிலையில் சில வசதிகள் பூட்டியே கிடக்கும். மேலே சொன்ன செயலியிலேயே அதை அணைத்துவிடலாம்.

நேற்று வெளியான மாடலை இன்று வாங்காதீர்கள். கிளாஸ் கம்ப்ளையன்ட் என்று சொல்லிக்கொள்ளும் கார்டுகளிலும் சின்னச் சின்னக் கோணல்கள் இருக்கும். கெர்னலில் அவற்றுக்கென்றே ஒரு நீண்ட திருத்தப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். புதுக் கார்டின் கோணல் அந்தப் பட்டியலில் ஏற சில மாதங்கள் பிடிக்கும். ஓரிரு ஆண்டுகள் சந்தையில் பழகிய மாடலும், ஓரளவு புதிய கெர்னலும் சேர்ந்தால் தொல்லை குறைவு. இன்னொன்று, பல கார்டுகளின் ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருளை, புதுப்பிக்க விண்டோஸோ மேக்கோ தேவைப்படும். தெரிந்தவரின் கணினியில் ஒரு முறை செருகிப் புதுப்பித்துக்கொண்டு வந்துவிடுவது நல்லது.

தண்டர்போல்ட் மட்டுமே உள்ள இன்டர்ஃபேஸ்களை விட்டுவிடுங்கள். தண்டர்போல்ட் என்பது பிசிஐ எக்ஸ்பிரஸைக் கேபிளில் இழுத்துக்கொண்டு வருவது. யுஎஸ்பி ஆடியோவுக்கு இருப்பது போன்ற பொதுத் தரம் அதில் இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் அதன் நிறுவனமே டிரைவர் எழுதியாக வேண்டும், லினக்ஸுக்கு எழுதுபவர்கள் அரிது. பழைய ஃபயர்வயர் கார்டுகள் பல லினக்ஸில் இன்றும் நன்றாக ஓடுகின்றன, ஆனால் அந்தச் சொருகு உள்ள லேப்டாப்தான் கிடைக்காது.

யுஎஸ்பியிலும் இரண்டு தலைமுறை உண்டு. பழைய யுஎஸ்பி ஆடியோ 1 தரக் கருவிகள் பெரும்பாலும் வினாடிக்கு 12 மெகாபிட் வேகத்தில், ஒரு மில்லி வினாடிக்கு ஒரு பொட்டலம் என்று அனுப்பும். பின்னால் வந்த இரண்டாம் தரக் கருவிகள் 480 மெகாபிட் வேகத்தில், ஒரு மில்லி வினாடியை எட்டாக அரிந்து அனுப்பும். பஃபரைச் சின்னதாக வைத்து வாசிக்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். இன்று வாங்குவதானால் இரண்டாம் தரத்தையே வாங்குங்கள். யுஎஸ்பி-சி சொருகு இருக்கிறது என்பதற்காக அது வேகமான கருவி என்று அர்த்தமில்லை, சொருகின் வடிவம் வேறு, உள்ளே ஓடும் தரம் வேறு.

எத்தனை இன்புட் வேண்டும்? குரலும் கிதாரும் மட்டும் என்றால் இரண்டு போதும். அதில் ஒன்றிலாவது கிதாருக்கான ஹை-இசட் வசதி இருக்க வேண்டும். மைக் இன்புட்டில் நேராகச் செருகினால் கிதாரின் ஒலி மழுங்கிப்போகும். நாளை டிரம்ஸையோ முழுக் குழுவையோ பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் இப்போதே நான்கு இன்புட் கார்டு, அல்லது அடாட் ஆப்டிகல் சொருகு உள்ள கார்டு வாங்குங்கள். அந்தச் சொருகு வழியாகப் பின்னால் எட்டுச் சேனல்களைச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு யுஎஸ்பி கார்டுகளைச் சேர்த்துக் கட்டி ஒப்பேற்றலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒவ்வொரு கார்டுக்கும் சொந்தக் கடிகாரப் படிகம் உண்டு. இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால்கூட, 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மணி நேரத்தில் 8,640 சாம்பிள், அதாவது கிட்டத்தட்ட 0.18 வினாடி விலகிப்போகும். லினக்ஸில் செயலிகளுக்கும் கார்டுக்கும் நடுவே ஒலியைக் கொண்டுசெல்லும் பைப்வயர் என்ற மென்பொருள் இதை ரீசாம்பிள் செய்து சமாளிக்கும். அவசரத்துக்கு உதவும், திட்டம் போட்டு இதற்காகப் பணம் செலவழிக்காதீர்கள்.

192 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். குரலுக்கும் கிதாருக்கும் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம். அந்த எண்ணைவிட, மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப்பில் எவ்வளவு கெயின் இருக்கிறது என்பது முக்கியம். ஷ்யூர் எஸ்எம்7பி போன்ற டைனமிக் மைக்குக்கு 60 டெசிபெல்லாவது வேண்டும். அவ்வளவு தராத கார்டில் திருகைக் கடைசிவரை திருப்பினால் குரலோடு 'உஸ்ஸ்' என்ற இரைச்சலும் ஏறி வரும். கண்டென்சர் மைக் என்றால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை.

லேப்டாப்பிலேயே இருக்கும் சவுண்ட் கார்டு போதாதா என்றும் சிலர் கேட்பார்கள். எடிட்டிங்குக்கும், ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே கீபோர்டு வாசிக்கவும் போதும். மைக் ப்ரீஆம்ப் என்று சொல்லத்தக்க ஒன்று அதில் இல்லை, ஃபேன்டம் பவர் இல்லை, பதிவில் மதர்போர்டின் இரைச்சலும் சேர்ந்துவிடும். ஒலிப்பதிவுக்கு அது உதவாது.

தாமதம் எவ்வளவு இருந்தால் பொறுக்கலாம்? காற்றில் ஒலி மூன்று மில்லி வினாடியில் ஏறத்தாழ ஒரு மீட்டர் போகும். ஆக, 10 மில்லி வினாடித் தாமதம் என்பது மூன்றரை மீட்டர் தள்ளி ஒரு ஆம்ப்ளிஃபயரை வைத்து வாசிப்பது போல. கிதார் வாசிப்பவருக்கு அது பழகிவிடும். விரலால் தட்டும் டிரம் பேடுக்குக் கொஞ்சம் இடிக்கும். பாடுபவர்தான் பாவம். அவர் தன் குரலை மண்டையோட்டு எலும்பு வழியாக உடனே கேட்கிறார், அதே குரல் ஹெட்ஃபோனில் சில மில்லி வினாடி கழித்து வந்து சேரும்போது இரண்டும் மோதி, குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடுகிறது. பஃபரை எவ்வளவு குறைத்தாலும் இது முழுசாகப் போகாது. இதற்கு மருந்து கார்டின் டைரக்ட் மானிட்டரிங். மைக்கின் ஒலி கணினிக்குள் போகாமல் நேராக ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். குரல் மட்டும் பதிவு செய்யும் நாட்களில் பஃபரை 512-இல் வைத்துவிட்டு நிம்மதியாகப் பாடலாம். சின்ன பஃபர் தேவைப்படுவது கணினிக்குள் பிறக்கும் ஒலியை நேரடியாக வாசிக்கும்போதுதான். உங்களுக்குக் கீபோர்டும் உண்டு, கிதாரையும் மென்பொருள் ஆம்ப்பில் வாசிக்க ஆசை வரும். அதனால் லேப்டாப் விஷயத்திலும் கவனம் வேண்டும்.

லேப்டாப்பில் முதலில் வெப்பத்தைப் பாருங்கள். ஒரு டிராக்கில் அடுத்தடுத்து இருக்கும் ப்ளக்இன்கள் ஒன்றின் முடிவுக்காக இன்னொன்று காத்திருக்கும், அவற்றைப் பல கோர்களுக்குப் பங்கு போட முடியாது. அதனால் 16 கோர் இருப்பதைவிட ஒவ்வொரு கோரும் சீரான வேகத்தில் ஓடுவது மேல். தாள் போல மெலிந்த லேப்டாப்கள் முதல் சில நிமிடம் பாய்ந்து ஓடிவிட்டுச் சூடு ஏறியதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் சுத்தமாக ஓடிய அதே ப்ராஜெக்ட் மதியம் டிக் டிக் என்று அடிக்க ஆரம்பிக்கும். விசிறியின் சத்தத்தையும் மறக்காதீர்கள், மைக் அதே அறையில்தான் இருக்கப் போகிறது. கொஞ்சம் தடிமனான, காற்றோட்டமுள்ள உடம்பும், நடுத்தர ப்ராசஸரும் உள்ள லேப்டாப் நமக்கு உகந்தது.

இன்டெலின் 12-ஆம் தலைமுறையிலிருந்து பல ப்ராசஸர்களில் வலுவான கோர்களும் சிக்கனக் கோர்களும் கலந்து வருகின்றன. ஆடியோ வேலை சிக்கனக் கோரில் போய் விழுந்தால் நேரம் தவறலாம். எந்தக் கோரில் ஓட வேண்டும் என்று கட்டிப்போட டாஸ்க்செட் என்ற கட்டளை இருக்கிறது, ஆகவே இதற்காக அந்த லேப்டாப்களை ஒதுக்க வேண்டியதில்லை. ஏஎம்டி, இன்டெல் இரண்டிலும் நல்ல ஆடியோ கணினிகள் உண்டு. ஏஆர்எம் லேப்டாப்களை மட்டும் இப்போதைக்குத் தள்ளி வைக்கச் சொல்வேன். லினக்ஸுக்கு வரும் வணிக ப்ளக்இன்களும், விண்டோஸ் ப்ளக்இன்களை லினக்ஸில் ஓட்டும் யாபிரிட்ஜும் இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களின் வகையான எக்ஸ்86-ஐ நம்பித்தான் இருக்கின்றன.

கிராஃபிக்ஸ் ப்ராசஸருக்குள்ளேயே இருந்தால் போதும். தனி என்விடியா கார்டு வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம், கெர்னலுக்கு வெளியே தனியாக வரும் டிரைவர். அது எப்போது எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்பது கெர்னல்காரர்களின் கையில் இல்லை. கூடவே வெப்பமும் விசிறிச் சத்தமும். ஆடியோ வேலைக்கு அந்தக் கார்டு கிட்டத்தட்ட எதுவும் திருப்பித் தராது.

வாங்கும் முன் வெளியே தெரியாத ஒன்று பயாஸ். மதர்போர்டின் ஃபர்ம்வேர் சில சமயம் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை முழுசாக நிறுத்திவிட்டுத் தன் சொந்த வேலையைப் பார்க்கும், விசிறியைக் கவனிப்பது, பேட்டரியைக் கவனிப்பது மாதிரி. எஸ்எம்ஐ என்று பெயர். லினக்ஸுக்கு இது நடந்ததே தெரியாது, கடிகாரம் திடீரென்று தாவியது போலத்தான் இருக்கும். கெர்னலை எவ்வளவு நன்றாகச் சீர்செய்தாலும் இதைத் தொட முடியாது. ஆர்டி-டெஸ்ட்ஸ் என்ற தொகுப்பில் உள்ள எச்டபிள்யூலாட்டிடெக்ட் என்ற கருவி இதை அளந்து காட்டும். சில பத்து மைக்ரோ வினாடி என்றால் பொருட்படுத்த வேண்டாம். மில்லி வினாடிக் கணக்கில் அடிக்கடி வந்தால் பயாஸைப் புதுப்பித்துப் பாருங்கள், அப்படியும் போகவில்லையென்றால் அந்த லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

யுஎஸ்பி துளைகளைப் பற்றி என் அனுபவம் ஒன்று. என்னிடம் இருந்த ஒரு லேப்டாப்பில் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை டிக் விழும். கெர்னலை மாற்றினேன், பஃபரை 128-லிருந்து 256, 512 என்று ஏற்றினேன், குறைந்ததே தவிரப் போகவில்லை. கார்டுதான் பழுது என்று முடிவே கட்டிவிட்டேன். கடைசியில் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை மர வடிவில் காட்டும்படி ஓட்டிப் பார்த்தேன். லேப்டாப்பின் இடப்பக்கத் துளை உள்ளே ஒரு ஹப்பில் போய்ச் சேர்ந்திருந்தது. அதே ஹப்பில் வெப்கேம், ப்ளூடூத், கார்டு ரீடர் மூன்றும் தொங்கிக்கொண்டிருந்தன. கேபிளைப் பிடுங்கி வலப்பக்கம் செருகினேன். மரத்தில் அது தனிக் கிளையில் தனியாக நின்றது. அன்று மாலை இரண்டு மணி நேரம் 128-இலேயே ஓடவிட்டுப் பார்த்தேன், ஒரு டிக் கூட இல்லை. அதிலிருந்து எந்த லேப்டாப்பைத் தொட்டாலும் நான் முதலில் பார்ப்பது அந்த மரத்தைத்தான். பல லேப்டாப்களில் யுஎஸ்பி-சி துளைக்கு உள்ளே தனிக் கன்ட்ரோலர் இருக்கும், கார்டுக்கு அதை ஒதுக்கிவிட்டுப் பென்டிரைவையும் மவுஸையும் மற்றத் துளைகளில் செருகலாம்.

சார்ஜரையும் சோதியுங்கள். கிதாரைச் செருகி, கெயினை ஏற்றி, வாசிக்காமல் கேளுங்கள். 'ங்ங்ங்' என்றோ, மவுஸை அசைக்கும்போது கிரீச்சென்றோ கேட்டால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் கார்டில் குற்றமில்லை, சார்ஜர் வழியாகவும் எர்த் வழியாகவும் மின்னோட்டம் சுற்றி வருகிறது. ஸ்பீக்கருக்கு இரைச்சலைத் தடுக்கும் பேலன்ஸ்டு கேபிள் போடுவது, லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே பலகையில் செருகுவது பெரும்பாலும் உதவும். யுஎஸ்பி ஐசொலேட்டர் வாங்குவதானால் அது 480 மெகாபிட் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள். மலிவாகக் கிடைப்பவை பலவும் 12 மெகாபிட்டில் நின்றுவிடும், உங்கள் கார்டு அதில் ஓடாது. ஒரு டேக், அதாவது ஒரு முறைப் பதிவு, முடியும் வரை பேட்டரியிலேயே ஓடக்கூடிய லேப்டாப் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. பேட்டரியில் ஓடும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் பவர் அமைப்பை மட்டும் மாற்றிவிடுங்கள்.

மெமரி 16 ஜிபி. பெரிய பியானோ, ஆர்கெஸ்ட்ரா சாம்பிள்கள் வேண்டுமென்றால் 32. வட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம், எந்த எஸ்எஸ்டியும் போதும். ஆர்டர் என்ற பெயருள்ள ஒலிப்பதிவு மென்பொருள் வழக்கமாகப் பயன்படுத்தும் 32 பிட் ஃப்ளோட்டில் ஒரு டிராக்குக்கு வினாடிக்கு 192 கிலோபைட்தான். எட்டு டிராக்கை ஒரு மணி நேரம் பதிவு செய்தால் ஐந்தரை ஜிபி. வேகம் பிரச்சினையில்லை, இடம் மட்டும் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்.

எந்த லேப்டாப் என்று பெயர் கேட்டால், அலுவலகப் பயன்பாட்டுக்கென்று வரும் வரிசைகளைப் பாருங்கள் என்பேன்: லெனோவோவின் திங்க்பேட் டி வரிசை, டெல்லின் லாட்டிட்யூட் (2025 முதல் டெல் ப்ரோ), எச்பியின் எலைட்புக். லினக்ஸ்காரர்கள் அதிகம் பயன்படுத்துவதால் இவற்றின் கோணல்கள் வெளியே தெரிந்திருக்கும். பலவற்றின் பயாஸை லினக்ஸிலிருந்தே புதுப்பிக்கலாம். இரண்டு மூன்று ஆண்டு பழையது நல்ல நிலையில் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள், மிச்சமாகும் பணம் மைக்குக்கும் ஹெட்ஃபோனுக்கும் போகட்டும். லினக்ஸோடு விற்கும் சிஸ்டம்76, டக்ஸிடோ, லினக்ஸை ஆதரிக்கும் ஃப்ரேம்வொர்க் போன்றவையும் உண்டு.

மென்பொருள் பக்கம் இன்று நிலைமை நன்றாகவே இருக்கிறது. ஒரு காலத்தில் ஜாக், பல்ஸ்ஆடியோ என்ற இரண்டு ஒலி மென்பொருள்களை ஒன்றோடொன்று சண்டை போடாமல் வைத்திருப்பதே பாதி வேலையாக இருந்தது. விம் டேமன்ஸ் தொடங்கிய பைப்வயர் இரண்டின் இடத்தையும் எடுத்துக்கொண்டது, 2023 நவம்பரில் அதன் 1.0 பதிப்பு வந்தது. ஜாக்குக்காக எழுதிய செயலிகள் அதிலேயே ஓடுகின்றன. வேலையை நேரம் தவறாமல் முடிக்க வைக்கும் ரியல்டைம் கெர்னலுக்காகத் தனியாக ஒட்டுப்போட்டு வந்த நிரல்களும் 2024-இல் வெளியான கெர்னல் 6.12-இல் பிரதானக் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டன. ஆனால் உங்கள் வேலைக்கு ரியல்டைம் கெர்னல் பெரும்பாலும் தேவைப்படாது. சாதாரணக் கெர்னலில், அவசர வேலைக்கு வழிவிடும் ப்ரீஎம்ப்ட் அமைப்பை முழு நிலைக்கு மாற்றி, த்ரெட்ஐஆர்க்யூஸ் என்ற பூட் அமைப்பைச் சேர்த்து, உங்கள் பயனர் கணக்குக்கு ரியல்டைம் அனுமதியும் மெமரியைப் பூட்டும் அனுமதியும் கொடுத்து, ப்ராசஸரின் வேகத்தை முடிவு செய்யும் கவர்னரை பெர்ஃபார்மன்ஸில் வைத்தால் பெரும்பாலோருக்கு 128 சுத்தமாக ஓடும். ஆர்டிசிக்யூஎஸ் என்ற சின்னச் செயலி இவற்றையெல்லாம் சோதித்து எது குறைகிறது என்று வரிசையாகச் சொல்லிவிடும். இதுபோன்ற வேலைக்கென்றே வரும் உபுண்டு ஸ்டுடியோ என்ற லினக்ஸை நிறுவினால் இதில் பெரும்பகுதி முன்பே செய்து வைத்திருப்பார்கள். பதிவு நேரத்தில் வைஃபையை அணைத்துவிடுங்கள், சில வைஃபை டிரைவர்கள் சுற்றுவட்டாரத்தைத் தேடும் ஒவ்வொரு முறையும் ஒரு டிக் விழும்.

லேப்டாப் கைக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், இதைச் செய்யுங்கள். உபுண்டு ஸ்டுடியோவைப் பென்டிரைவில் எழுதி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே பூட் செய்யுங்கள். கார்டைச் செருகி, யுஎஸ்பி மரத்தில் தனிக் கிளை எது என்று கண்டுபிடியுங்கள். பஃபரை 128-இல் வைத்து, ஆர்டரில் நீங்கள் வழக்கமாகப் போடும் அளவுக்கு டிராக்கும் ப்ளக்இன்னும் போட்டு ஓடவிடுங்கள். பக்கத்தில் ஒரு டெர்மினலில் பைப்வயரின் பிடபிள்யூ-டாப் என்ற கட்டளை ஓடட்டும். அதில் 'இஆர்ஆர்' என்ற பத்தியில் எக்ஸ்ரன்களின் எண்ணிக்கை ஏறும். ஒரு மணி நேரம் விட்டுவிட்டு வந்து பாருங்கள். தொடங்கும்போது ஓரிரண்டு ஏறுவது சகஜம், அதற்குப் பிறகு எண் அசையாமல் நின்றால் நல்ல லேப்டாப். பேட்டரியில் ஒரு முறை, சார்ஜரில் ஒரு முறை, நன்றாகச் சூடேறிய பிறகு ஒரு முறை என்று மூன்று தடவை பார்த்துவிடுங்கள்.

உண்மையான தாமதத்தையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கார்டின் ஒரு அவுட்புட்டிலிருந்து ஒரு இன்புட்டுக்குக் கேபிளைப் போட்டு, ஜாக் ஐஓடிலே என்ற கருவியை ஓட்டினால் ஒலி ஒரு சுற்றுப் போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று மில்லி வினாடியில் எழுதிக்கொண்டே இருக்கும். 128 சாம்பிள், இரண்டு பீரியட் (அதே அளவில் இரண்டு துண்டு) என்றால் காகிதக் கணக்கில் 5.3 மில்லி வினாடி. அளந்து பார்த்தால் அதைவிடக் கூடத்தான் வரும், கார்டுக்குள் ஒலியை மாற்றும் சில்லுகளும் யுஎஸ்பியும் தங்கள் பங்குக்குச் சேர்க்கும். அந்தக் கூடுதல் கார்டுக்குக் கார்டு மாறும். இந்த எண்ணை ஆர்டரில் கொடுத்துவிட்டால் பழைய டிராக்கைக் கேட்டுக்கொண்டே பதிவு செய்யும் புதிய டிராக் சாம்பிள் பிசகாமல் இடத்தில் உட்காரும்.

கேமிங் லேப்டாப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புதிதாக அதை வாங்கச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே வீட்டில் ஒன்று இருந்தால் விற்க வேண்டாம். பயாஸில் தனி கிராஃபிக்ஸ் கார்டை அணைக்க முடிகிறதா என்று பாருங்கள், முடிந்தால் அணைத்துவிட்டு மேலே சொன்ன ஒரு மணி நேரச் சோதனையை ஓட்டுங்கள். அதில் தேறிவிட்டால் லேப்டாப்புக்கு ஒதுக்கிய பணத்தைக் கார்டுக்கும் மைக்குக்கும் மாற்றிக்கொள்ளலாம். விசிறிச் சத்தம் மட்டும் இருக்கும், அதற்கு மூன்று மீட்டர் யுஎஸ்பி கேபிள் ஒன்றை வாங்கி, லேப்டாப்பை அறையின் மறு மூலையில் வைத்துவிட்டுக் கார்டை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.